எடுத்ததை மட்டும் கேட்க

ஆபீசில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் சல்லடை. யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். விளம்பரக் குரல், பேட்டி, பாடப் பதிவு என்று எது வந்தாலும் அதிலிருக்கும் வேண்டாத சத்தத்தை வடித்துவிட்டுச் சுத்தமாகத் திருப்பித் தருவது அவள் வேலை. மின்விசிறி, ஏசி, தெரு நாய், பேசுகிற பெரிய மனிதரின் வயிற்றில் உருளும் கடமுடா எல்லாம் அவள் கைக்கு வந்து சேரும், அதோடு சரி. இத்தனை வருஷம் இதையே செய்ததில் வீட்டுக்கு வந்தாலும் காது சும்மா இருப்பதில்லை. யாராவது ஆசையாகப் பேச வந்தால்கூட அவருக்குப் பின்னால் ஓடும் ஃபிரிட்ஜ்தான் முதலில் காதில் விழும். அப்படிப் பேச வந்த ஒன்றிரண்டு பேரும் வந்த வழியே போய்விட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு கொஞ்சம் வறண்டுதான் இருக்கும்.

அவளுடைய தம்பி இதற்கு நேர் எதிர். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் சத்தம்தான் அவனுக்குப் பாட்டு. குழாய் சொட்டுவதைப் பதிவு செய்வான். அதை இழு இழு என்று இழுத்து, ஒரு சொட்டு விழுந்து முடியவே ஒரு நிமிஷம் ஆகும்படி செய்வான். லிஃப்ட் கதவு மூடும் சத்தத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, அதன்மேல் சிந்தசைசரில் ஒரே ஸ்வரத்தை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். தாளம் கிடையாது, பாடுவதற்கு வரி கிடையாது, எங்கே ஆரம்பித்தது எங்கே முடிந்தது என்பதும் பிடிபடாது. முதல் தடவை கேட்பவர்கள் எழுந்துபோய் ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்ப்பார்கள். பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் ஒன்று தெரியவரும். ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியுமே, அந்த மாதிரி. அப்படிப் பொறுமையாகக் கேட்கிறவர்கள் எங்கெங்கோ சில நூறு பேர் இருந்தார்கள். அதில் அப்பா இல்லை என்பதுதான் அவனுக்கு ஆறாத புண்.

அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, மறுபடி ஓடவைத்து அனுப்புவார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அது போடும் சத்தத்தை அப்படியே தொண்டையில் பிடித்து "ம்ம்ம்" என்று கூடவே முனகுவார். மோட்டார் சுருதி இறங்கினால் அவர் தொண்டையும் இறங்கும். பிறகு கண்ணைத் திறந்து "பேரிங்" என்பார், இல்லாவிட்டால் "காயில்" என்பார். கூடவே பாடிப் பார்த்தால்தான் எங்கே வலிக்கிறதென்று அது சொல்லும் என்பது அவர் வாதம். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வரும் அக்காவும் தம்பியும் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

தம்பி முதன்முதலாக மேடையில் வாசித்தபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். சின்ன அரங்கு, மடக்கு நாற்காலிகள். பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்று, கடையில் கூப்பிடுகிற அதே குரலில், "தம்பி, நிறுத்துப்பா, பேரிங் போயிடுச்சு" என்றார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகவே பதறிச் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குக் கேலி பேச வராது என்பது அக்காவின் கட்சி. தம்பி அதை ஏற்கவில்லை. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினான். அப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அவரும் நிறுத்தினார். அம்மா இருந்திருந்தால் இருவர் காதையும் திருகியிருப்பாள், அவள் எப்போதோ போய்விட்டாள். ஒரே வீடு, நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவு. "உன் தம்பி சாப்பிட்டானான்னு கேளு" என்று அப்பாவிடமிருந்து, வேறு வீட்டில் இருக்கும் இவளுக்கு ஃபோன் வரும். தம்பி இருப்பதோ அடுத்த அறையில்.

அப்படியே வருஷங்கள் ஓடி, அப்பாவின் நுரையீரல் கெட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து நின்றது. மூக்கிலிருந்து மெஷின் வரைக்கும் நீளமான குழாய். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வந்துபோனார். அந்த மாதங்களில்தான் தம்பி எட்டுப் பாட்டு கொண்ட ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்தான். நாளுக்கு ஒரு பாட்டாக, சாயங்காலங்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சத்தமாக வாசிப்பான். மைக்கை வெளியே நடையில் வைத்துவிடுவான். வீடு முதலில் பாட்டை விழுங்க வேண்டும், விழுங்கித் திருப்பித் தருவதைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது அவன் முறை. எட்டாவதை முடித்த வாரத்தில் அப்பா போய்விட்டார். கடைசிவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தம்பி ஒரு ஹார்டு டிஸ்க்கோடு அக்கா வீட்டுக்கு வந்தான். முகம் சவரம் காணாமல் கிடந்தது.

"மெஷின் சத்தத்த எடுத்துடுக்கா. எட்டுலயும் இருக்கு. முதல் பாட்டப் போட்டேன், அரை நிமிஷம் தாங்கல. அவரு ரூம்ல மூச்சு விட்டுட்டு இருக்கற மாதிரியே இருக்கு."

"கொஞ்சமா விட்டு வைக்கட்டுமா? முழுசா எடுத்தா பாட்டு சப்புன்னு போயிடும்டா."

"போகட்டும். சுத்தமா எடு. அப்பறம் நடுநடுவுல டொக்குன்னு ஒரு சத்தம் வரும், அதையும் எடு. நடையில கெடக்குமே, அந்த ஸ்டூல். நான் மைக்க வச்சிட்டு உள்ள போனா, யாராச்சும் அத மைக் பக்கத்துல இழுத்துப் போட்டுடுவாங்க. வெளிய வரும்போது எத்தன தடவ கால இடிச்சுக்கிட்டேன் தெரியுமா?"

"பாத்துக்க வந்த அம்மா போட்டிருப்பாங்க."

"கேட்டா, நான் இல்லவே இல்லன்னு சாதிக்கறாங்க. விடு." அவன் எழுந்தான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான். "அந்த மனுஷன் ஒரு தடவ கூட கேக்கலக்கா. அடுத்த ரூம்ல இருந்துக்கிட்டு ஒரு தடவ கூட."

அவள் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்கிட்ட ஒரு காப்பி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்கு? என் கண்ணுலயே படக் கூடாதுன்னு எல்லாத்தையும் அழிச்சாச்சு. நீ சுத்தம் பண்ணிக் குடு, அது போதும்."

தம்பி எப்போதும் இப்படித்தான் பேசுவான். அவன் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்வது அக்காவின் வழக்கம். இதையும் தள்ளுபடி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை விட்டபாடில்லை. ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி வாசித்ததை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்பதே அன்றுதான் உறைத்தது. முதல் பாட்டு அடிவயிற்றில் ஆரம்பித்தது. கனமான ஒற்றை ஒலி, அதன்மேல் மணல் சரிவது போல ஏதோ ஒன்று, வெகு தூரத்தில் குழாயின் சொட்டு. ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. நடையின் சுவர்களில் பட்டுத் திரும்பியதால் ஓரங்களெல்லாம் நைந்து மங்கலாக இருந்தது. அழுகிற மாதிரி ஓர் இடம்கூட அதில் இல்லை, ஆனாலும் வேலையை மறந்து கேட்டாள். இவனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று நினைத்தாள்.

அடியில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பிடிப்பது அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற வேலை. சத்தத்தைப் படமாகக் காட்டும் திரையில் அது கிடைக்கோடாகத் தெரிந்தது. கோடு அங்கங்கே நெளிந்தது. மின்சாரம் ஏறி இறங்கினால் எந்த மோட்டாரும் அப்படி நெளியும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மோட்டார் கடைக்காரர் மகளுக்கு இதுகூடத் தெரியாதா? கோடு எங்கே நெளிந்தாலும் விடாமல் துரத்திப் பிடிக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லிவைத்தாள். அது துரத்திப் பிடித்தது. ஸ்டூல் சத்தத்தையும் தேடித்தேடி வழித்துப் போட்டாள். சேவ் அழுத்தினாள். அடுத்தது. சேவ். இப்படியே ஏழு பாட்டு.

எட்டாவதில் ஓர் இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுத்தம் செய்த பிறகு ஒலி அங்கே வழுக்கியது, தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிறாற்போல. அளவுக்கு மீறி எடுத்துவிட்டால்தான் அப்படி ஆகும். எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்று பார்க்க, எடுத்ததை மட்டும் கேட்பதற்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தினாள். பாட்டு நின்று, கழித்துப் போட்டது மட்டும் காதில் ஓடியது.

மெஷின் ஓடியது. அதன் மூச்சு, அடுத்த மூச்சு. கூடவே, அதே சுருதியை ஒட்டிக்கொண்டு, இன்னொன்று. அது மெஷின் சத்தம் இல்லை. பாட்டு எங்கெல்லாம் கீழே இறங்கியதோ அங்கெல்லாம் அதுவும் ஒரு கணம் தாமதித்து இறங்கியது. இறங்கி, தடுமாறி, சரியான இடத்தைத் தேடிப் பிடித்து நின்றது. மெஷினுக்கு ஏது காது? மெஷின் பாட்டுக்குப் பின்னால் போகாது. பிறகு அது நின்றது. மூக்குக் குழாயில் காற்று இழுபடும் சீறல். அடக்கிய இருமல் ஒன்று, உள்ளே இருப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்தி இருமியது. மறுபடியும் "ம்ம்ம்."

"அப்பா" என்றாள் வாய்விட்டு.

குழாயை இழுத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து நடை வரைக்கும் வந்திருக்கிறார். நிற்க முடியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மகனின் மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவன் வாசித்ததைத் தொண்டையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். மைக் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்த வீம்பு பிடித்த மனுஷன் வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

அப்போதுதான் அவளுக்கு மற்ற ஏழும் நினைவுக்கு வந்தன. ஏழிலும் அந்தக் கோடு நெளிந்தது. ஏழிலும் ஸ்டூல் சத்தம் இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க்கைத் திறந்தாள். ஆபீசில் சேவ் அழுத்தினால் பழையது தானாக ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தடவை அழுத்தினாலும் பழையதற்கு ஆபத்தில்லை. அந்தத் தைரியத்தில் வளர்ந்த கை அது. இது ஆபீஸ் இல்லை, வீட்டு மேஜை. இங்கே பழையதன்மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிட்டது. அழிந்ததை மீட்டுத் தரும் மென்பொருள் இரண்டை ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் கையை விரித்தன.

தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"உங்கிட்ட பழசு இருக்காடா?"

"இல்லன்னு சொன்னேன்ல."

"நெஜமாவே இல்லையா? சும்மா ஏதோ வேகத்துல சொன்னியா?"

"நெஜமாத்தான் இல்ல. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டாள். அவன் சொன்னதில் எதைத் தள்ளுபடி செய்யக்கூடாதோ அதைத் தள்ளுபடி செய்திருக்கிறாள். காது கூர்மை என்று சம்பளம் வாங்குகிற கழுதை, பெற்ற அப்பன் குரல் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

சொல்லாமலும் இருந்துவிடலாம். எட்டாவதையும் சுத்தம் செய்து கொடுத்துவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. தம்பி நன்றி சொல்லி வாங்கிக்கொள்வான். அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பான். அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் அவள் லேப்டாப்பைப் பையில் போட்டாள், குடையைத் தேடி எடுத்தாள்.

அப்பாவின் அறை காலியாக இருந்தது. வாடகை மெஷினை வந்து எடுத்துப்போய்விட்டார்கள், அதன் சக்கரத் தடம் மட்டும் தரையில். நடையில் மைக் ஸ்டாண்ட் நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. ஸ்டூல் சுவரோரம் இருந்தது. தம்பி அதன்மேல் தன் ஈரத் துண்டைப் போட்டிருந்தான்.

ஹெட்ஃபோனை அவன் தலையில் மாட்டி, எட்டாவது பாட்டிலிருந்து எடுத்ததை மட்டும் ஓடவிட்டாள். முதலில் மெஷினைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கியது. "இதத்தான எடுக்கச் சொன்னேன்" என்று கழற்றப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முடிந்ததும் அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"பேரிங் பாத்துட்டு இருந்திருக்காரு" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், பாதியிலேயே உடைந்துவிட்டது. சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான். அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"மத்த ஏழுலயும் இருந்துச்சா?"

வழியெல்லாம் அவள் இதற்குத்தான் பயந்துகொண்டு வந்தாள். நாக்கு தானாகவே புரண்டது. "இல்லடா. இதுல மட்டும்தான்."

"ஓ" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்போ ஒரே ஒரு நாள் வந்திருக்காரு. என்னதான் பண்றான் பாப்போம்னு வந்து உக்காந்திருப்பாரு. புடிக்கல, மறுபடி வரல. சரி, ஒரு நாளாவது வந்தாரே." அவன் தலை குனிந்துவிட்டது.

அந்தப் பொய்யால் அவள் தப்பித்துக்கொண்டாள். ஆனால் அப்பாவை ஒரே நாளில் எழுப்பி அறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது அது. சுவாசிக்கவே திணறிய மனுஷன், எட்டுத் தடவை அந்தக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். அதையும் அவரிடமிருந்து பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை.

"பொய் சொன்னேன்டா" என்றாள். "எல்லாத்துலயும் இருந்தாரு. எட்டுலயும். கோடு நெளிஞ்சுது, நான்தான் கரண்டுன்னு நெனச்சுட்டேன். ஏழையும் துடைச்சு சேவ் பண்ணிட்டேன். திரும்ப வராது. எல்லா வழியும் பாத்துட்டேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் எழுந்துபோய் ஸ்டூலின் மேலிருந்த துண்டை எடுத்தான், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றான்.

"சுத்தமா எடுன்னு நான்தான சொன்னேன்" என்றான் கடைசியில். பிறகு, "எட்டு நாளும் வந்தாரா?"

"வந்தாரு."

"முதல் நாள்லேருந்தா?"

"முதல் பாட்டோட ஆரம்பத்துலேருந்தே."

அவன் ஸ்டூலை நடைக்குக் கொண்டுவந்தான். மைக் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான், டொக்கென்று சத்தம் வந்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். அவன் அதன்மேல் உட்கார்ந்து, "முதல் பாட்ட போடு" என்றான்.

"அதுல ஒண்ணும் இல்லடா. சுத்தமா இருக்கு."

"போடு. எங்க இருந்தாருன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அதுதான் கொடுமை. எடுத்த இடமெல்லாம் அவள் காதுக்குத் தெரியும். அங்கங்கே பாட்டு மெலிந்திருக்கும், முழங்கை தேய்ந்த சட்டை மாதிரி. ஒலி ஒரு கணம் வழுக்கும். வேறு யாருக்கும் கேட்காது, கேட்டாலும் அப்படி வாசித்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டுவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்தாள். கனமான ஒலி எழுந்து நடையை நிறைத்தது. மெஷின் இல்லை, மூச்சு இல்லை, ஸ்டூல் இல்லை. சுத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக அவள் எந்த வேலையையும் செய்ததில்லை.

ஒலி கீழே இறங்கியது. மெலிந்தது.

"இங்க" என்றாள்.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"இங்க மூச்சு வாங்கியிருக்காரு. இப்போ மறுபடி. இங்க."

"இந்த எடத்தையெல்லாம் வேற எதாவது வச்சு நிரப்பித் தரட்டுமா?" என்று பாட்டு முடிந்ததும் கேட்டாள். "வெளிய தெரியாம பண்ணிடலாம்."

"வேணாம்" என்றான். "அவரு உக்காந்த எடம் அப்படியே இருக்கட்டும். எட்டாவதுல நீ கைய வைக்காத."

வெளியே மழை இன்னும் விடவில்லை. அவள் இரண்டாவது பாட்டைப் போட்டாள். அவள் "இங்க" என்று சொல்வதற்கு முன்னாலேயே ஸ்டூலில் இருந்த தம்பி அப்பாவைப் போலவே "ம்ம்ம்" என்று ஆரம்பித்தான். பிடித்துப் பார்த்தான், சுருதி நிற்கவில்லை, விட்டுவிட்டான்.